பச்சைக் குழாயோடு ஆறு நாள்

திருச்சி விமான நிலையத்துச் சுங்க அதிகாரியிடம் என் பெட்டியில் இருந்த மூன்று பச்சைக் குழாய்களைப் பற்றி மூன்று முறை விளக்கம் சொன்னேன். முதல் முறை ஆங்கிலத்தில், இரண்டாவது முறை தமிழில், மூன்றாவது முறை கெஞ்சலில். ஒவ்வொன்றும் ஒரு சாண் நீளம். வெள்ளித்தாள் உறைக்குள், பனிக்கட்டிப் பைகளுக்கு நடுவே படுத்திருந்தன. உறையைப் பிரித்துக் காட்டச் சொல்லிவிடுவாரோ என்று அதன் மேல் கையை வைத்துக்கொண்டேன். வெளிச்சம், சூடு, ஈரம் மூன்றும் அந்தக் குழாய்களுக்கு ஆகாது. திருச்சியில் அன்றைக்கு மூன்றுக்கும் குறைவில்லை.

அதிகாரி என் ஆய்வகத்தின் கடிதத்தை நிதானமாகப் படித்தார். பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டு, ரத்தம் கட்டாத குழாயா என்று கேட்டார். அவர் மாமியாருக்கு வாரம் இரண்டு தடவை டயாலிசிஸ் நடக்கிறதாம். இது எப்போது கடைக்கு வரும் என்றார். இன்னும் ஆராய்ச்சியில்தான் இருக்கிறது, ஆடு முயலுக்குத்தான் போட்டுப் பார்த்திருக்கிறோம், மனிதருக்கு வர வருஷக் கணக்காகும், வராமலே போனாலும் போகலாம் என்றேன். முகம் தொங்கிப்போய் என்னை அனுப்பிவைத்தார்.

முன்பின் தெரியாத அந்த மனிதரிடம் உண்மையைச் சொல்ல எனக்கு அரை நிமிடம் பிடித்தது. அதே உண்மையை என் அண்ணனிடம் சொல்ல ஐந்து நாள் ஆயிற்று.

நான் அயர்லாந்தில் கால்வே என்ற ஊரில் ஓர் ஆய்வகத்தில் வேலை செய்கிறேன். மழை விட்டால் செய்தியாகிற ஊர் அது. அங்கே நாங்கள் செய்வதைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். நம் உடம்பில் ஓடும் ரத்தம் நாளத்துக்குள் உறைவதில்லை. அதே ரத்தம் ஒரு பிளாஸ்டிக் குழாயைத் தொட்டால் சும்மா இருக்காது, ஒட்ட ஆரம்பிக்கும், கட்டியாகும், குழாய் அடைபடும். காரணங்களில் ஒன்று, நாளத்தின் உள்சுவர் நைட்ரிக் ஆக்சைடு என்ற வாயுவைக் கொஞ்சம் கொஞ்சமாக விட்டுக்கொண்டே இருக்கிறது. அந்த வாயு இருக்கும்வரை ரத்தத்தை உறையவைக்கும் தட்டணுக்கள் சுவரில் ஒட்டாது. அந்த வாயுவையே மெல்ல மெல்லக் கசியவிடுகிற பூச்சு ஒன்றைக் குழாய்க்குப் பூசினால் ரத்தம் அதையும் தன் நாளம் என்று நம்பிவிடாதா என்பதுதான் எங்கள் வேலை. வாயுவைப் பிடித்து வைத்திருக்கிற பொருள் பச்சை நிறம். வாயு போகப் போகப் பச்சை வெளுக்கும். முழுக்க வெளுத்துவிட்டால் அது வெறும் குழாய்.

தஞ்சாவூரில் ஒரு கல்லூரியில் நடக்கவிருந்த பயிலரங்கில் இதைப் பற்றிப் பேச யாராவது போக வேண்டும் என்றார்கள். அறையில் மற்றவர்கள் வெயிலை நினைத்துத் தயங்கும்போது நான் கையைத் தூக்கிவிட்டேன். எனக்குத் தஞ்சாவூர் பெரிதில்லை. அங்கிருந்து ஒரு மணி நேரத்தில், நீடாமங்கலம் தாண்டி என் அண்ணன் வீடு இருக்கிறது. அண்ணனின் இரண்டு சிறுநீரகமும் எட்டு மாதமாக வேலை செய்யவில்லை.

வெள்ளிக்கிழமை மத்தியானம் வீட்டுக்குப் போய்ச் சேர்ந்தேன். குறுவை அறுப்பு நடந்துகொண்டிருந்தது. சாலையில் பாதி நெல், பாதியில் போக்குவரத்து. கார் ஓட்டுநர் நெல்லின் மேல் சக்கரம் ஏறாமல் ஒடித்து ஒடித்து ஓட்டினார். எதிரே லாரி வந்தபோது நான் கண்ணை மூடிக்கொண்டேன், அவர் சாவகாசமாக உங்களுக்கு எந்த ஊர் மாப்பிள்ளைம்மா என்று விசாரித்தார்.

அண்ணன் அந்தோணிசாமி என்னைவிடப் பத்து வயது மூத்தவர். அப்பா அம்மா ஊரார் வயலில் கூலிக்கு நட்டவர்கள். அண்ணன்தான் எங்கள் வீட்டில் முதலில் சொந்தமாகப் பவர் டில்லர் வாங்கியவர், மூன்று மா, அதாவது ஓர் ஏக்கர் நிலமும் வாங்கியவர். என்னை வெளியூருக்குப் படிக்க அனுப்பவே கூடாது என்று அப்பா நின்றபோது, அனுப்பாவிட்டால் டில்லரைத் தொடமாட்டேன் என்று நாற்று நடும் நேரத்தில் மூன்று நாள் வீட்டில் உட்கார்ந்தவரும் அவர்தான். அந்த மனிதர் அன்று டயாலிசிஸ் முடித்து வந்து, துவைத்துப் போட்ட துணி மாதிரி கட்டிலில் கிடந்தார். கழுத்தின் வலப்பக்கத்தில் பிளாஸ்திரி. அதற்குள்ளிருந்து சிவப்பு மூடி ஒன்றும் நீல மூடி ஒன்றுமாக இரண்டு வால்கள் வெளியே தொங்கின. எட்டு மாதத்தில் அது மூன்றாவது குழாய். முதல் இரண்டும் ரத்தம் கட்டி அடைத்துக்கொண்டன. கழுத்தில் இடம் நிறைய இல்லை என்று மருத்துவர்கள் எச்சரித்திருந்தார்கள்.

ரீத்தா அண்ணி எனக்கு வஞ்சிரம் வறுத்து, இறால் போட்டு முருங்கைக்காய்க் குழம்பு வைத்திருந்தார். அண்ணனுக்குத் தனிச் சட்டி. உப்பில்லை, புளியில்லை, காயை இரண்டு தடவை வேகவைத்துத் தண்ணீரைக் கொட்டிய கூட்டு. ஊரெல்லாம் இளநீரும் வாழைப்பழமுமாகக் கிடக்கிறது, இரண்டும் அவருக்கு விஷம். நாளுக்கு ஒரு லிட்டர் தண்ணீர்தான் கணக்கு. வாய்க்கால் நிறையத் தண்ணீர் ஓடுகிற ஊரில் ஒரு பாட்டிலை வைத்துக்கொண்டு மிடறு மிடறாகக் குடிக்கிற மனிதரின் எதிரில் உட்கார்ந்து எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

குழாய் உறைகளை வைக்க அண்ணியின் குளிர்பெட்டியில் ஐஸ் தட்டை ஒழித்துத் தரச் சொல்லிக் கேட்டேன். இது என்ன என்று அண்ணி கேட்டபோது, அண்ணன் கழுத்தில் இருக்கிற மாதிரிக் குழாய்தான், ரத்தம் கட்டாதது, பத்திரம் என்று சொன்னேன். அவசரத்தில் அவ்வளவுதான் சொன்னேன். அண்ணி உறைகளை இரண்டு கையாலும் வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். அப்போதே எனக்கு உறைத்திருக்க வேண்டும். நான் பாட்டுக்குக் குளிக்கப் போனேன்.

சனிக்கிழமை வேளாங்கண்ணி. வேண்டுதல், போயே ஆக வேண்டும் என்று அண்ணி சொல்லிவிட்டார். அண்ணனால் அவ்வளவு தூரம் உட்கார முடியாது. நாங்கள் இருவரும் பஸ் ஏறினோம். திருவாரூர் தாண்டியதும் எதிரே ஓர் அறுவடை இயந்திரம் சாலையை அடைத்துக்கொண்டு வந்தது. பஸ்ஸும் அதுவும் நேருக்கு நேர் நின்று ஒன்றையொன்று முறைத்தன. நடத்துநர் இறங்கிப்போய்ப் பேசினார், பயணிகள் இறங்கிப்போய்ப் பேசினார்கள், கடைசியில் பஸ்தான் பின்னால் போயிற்று. கால்வேயில் பஸ் நான்கு நிமிடம் தாமதமானால் ஓட்டுநர் மன்னிப்புக் கேட்பார். இங்கே நாற்பது நிமிடம் போனது, யாரும் யாரிடமும் எதுவும் கேட்கவில்லை, நான் மட்டும் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். ஊரை விட்டுப் போனதில் எனக்குக் குறைந்துபோன முதல் பொருள் பொறுமை.

வேளாங்கண்ணியில் கடற்கரைக் கடைகளின் மீன் வாசனை கோயில் வரைக்கும் வந்தது. எங்களுக்கு முன்னால் ஒரு மலையாளத் தம்பதி சண்டை போட்டுக்கொண்டு நடந்தார்கள். மாதாவைப் பார்த்த பிறகுதான் மீன் என்றாள் மனைவி. மீன் ஆறிப்போகும், மாதா ஆறமாட்டாள் என்றான் கணவன். அண்ணிக்கும் மலையாளம் பாதி புரிந்தது போலிருக்கிறது, வெகுநாளைக்குப் பிறகு சிரித்தார்.

எங்கள் பக்கத்துக் கத்தோலிக்கக் குடும்பங்களில் புதிதாக எது வந்தாலும் மந்திரிக்காமல் தொடுவதில்லை. பைக் வாங்கினால் மாதா கோயிலுக்கு ஓட்டிக்கொண்டு போய் நிறுத்துவார்கள். விதைநெல், தையல் இயந்திரம், கிணற்று மோட்டார் எல்லாம் சாமியார் கையால் தீர்த்தம் தெளித்த பிறகுதான் வேலைக்கு இறங்கும். அண்ணனின் டில்லரும் அப்படித்தான் இறங்கியது. அன்றும் கோயில் வாசலில் ஒரு வரிசை நின்றது. மாலை போட்ட பைக் ஒன்று, புத்தம்புது மிக்ஸி ஒன்று, அப்புறம் சாவிக்கொத்துகள், ஜெபமாலைகள். நான் நிழலில் நின்று செல்பேசியைப் பார்த்துக்கொண்டிருந்தேன். நிமிர்ந்தபோது அண்ணி வரிசையில் நின்றார். விரித்த வெள்ளைக் கைக்குட்டையை இரண்டு கையிலும் ஏந்தியிருந்தார். அதன் மேல் என் பச்சைக் குழாய்.

நான் போய்ச் சேருவதற்குள் சாமியார் வந்துவிட்டார். சிலுவை போட்டு, தாராளமாகத் தீர்த்தம் தெளித்தார். வெயில், சூடு, ஈரம் மூன்றும் ஒரே நேரத்தில் கிடைத்தன. அந்தக் குழாய்க்குச் செய்யக் கூடாதது இன்னும் ஒன்று பாக்கி இருந்தது. அதையும் அண்ணி செய்தார். மாதா எண்ணெயைத் தொட்டு அதன் நீளத்துக்கும் தடவினார்.

"என்ன அண்ணி இது?" என்று கேட்டேன்.

"ஒங்க அண்ணன் கழுத்துல போகப் போறது ஜெசி. மந்திரிக்காம சும்மாவா போடுறது?" என்றார். முகம் அவ்வளவு வெளிச்சமாக இருந்தது. ஒன்றைத்தான் எடுத்தாராம், மற்ற இரண்டும் ஐஸ் பெட்டியில் பத்திரமாக இருக்கிறதாம்.

எனக்குக் குழாய் போனது பெரிதாகப் படவில்லை. நான் சுமந்து வந்தது ஆளுக்குக் காட்டுகிற மாதிரித் துண்டு. அதை அண்ணன் உடம்புக்குள் போகப்போகிற குழாய் என்று வீட்டில் நம்பிக்கொண்டிருக்கிறார்கள். அந்த நம்பிக்கை எங்கிருந்து வந்தது என்று யோசிக்க வேண்டிய அவசியமே இல்லை. மூன்று நான்கு மாதத்துக்கு முன்னால் அண்ணனின் இரண்டாவது குழாய் அடைத்துக்கொண்ட சமயம், வீடியோ அழைப்பில் பெருமையாகச் சொன்னவள் நான்தான். நாங்க பண்ற குழாய்ல ரத்தமே கட்டாது அண்ணே, கொஞ்ச நாள் பொறுங்க என்றேன். அழுதுகொண்டிருந்தவரைத் தேற்றச் சொன்னது. கொஞ்ச நாள் என்று நான் சொன்னது ஆய்வகத்துக் கொஞ்ச நாள், அதில் வருஷங்கள் அடங்கும்.

அந்த இடத்தில் சொல்லியிருக்கலாம். வாயைத் திறந்தேன், வெயிலில் வைக்காதீங்க அண்ணி என்பது மட்டும்தான் வந்தது. திரும்பி வருகிற பஸ்ஸில் அண்ணி குழாயைக் கைக்குட்டையில் சுற்றி மடியில் வைத்துக்கொண்டு தூங்கினார். இறங்கும்போது பார்த்தேன். பச்சை போய், கழுவிய அரிசித் தண்ணீர் நிறத்துக்கு வந்திருந்தது. மாதா தொட்டதும் வெள்ளையாகிவிட்டது என்று அண்ணி சந்தோஷப்பட்டார்.

ஞாயிற்றுக்கிழமை பூசைக்குப் போனேன். போகாமல் இருந்திருக்கலாம். பூசை முடிந்ததும் ஒருவர் பாக்கியில்லாமல் விசாரித்தார்கள். ஜெசி குழாய் கொண்டாந்திருக்காமே, எப்ப போடப் போறாங்க, நம்ம மாமாவுக்கும் ஒண்ணு சொல்லி வை. எல்லாருக்கும் ஒரே சிரிப்பைச் சிரித்துவிட்டு வீட்டுக்கு ஓடிவந்தேன்.

சாயங்காலம் அண்ணன் கொஞ்சம் தெம்பாக இருந்தார். கட்டிலில் உட்கார்ந்தபடி குழாயைப் பற்றி ஒவ்வொன்றாகக் கேட்டார். டில்லர் இன்ஜினைப் பிரித்துப் பார்க்கிற ஆள் அல்லவா, கேள்விகள் நறுக்கென்று வந்தன. அந்த வாயு எத்தனை நாளைக்கு வரும்? இப்போதைக்குச் சில வாரம் என்றேன். தீர்ந்துபோனால்? சாதாரணக் குழாய் ஆகிவிடும். திரும்ப நிரப்ப முடியாதா? அதைத்தான் தேடிக்கொண்டிருக்கிறோம் என்றேன். ஆட்டுக்குப் போட்டபோது ஆடு என்ன செய்தது என்று கேட்டார். ஒன்றும் செய்யவில்லை, தின்றுகொண்டிருந்தது என்றேன். கொடுத்து வைத்த ஆடு, இஷ்டத்துக்குத் தின்னுருக்கு என்றார். இருவரும் சிரித்தோம். அவரே கதவைத் திறந்து கொடுத்த மாதிரி இருந்தது, நான் உள்ளே நுழையாமல் பேச்சை மாற்றினேன். என் கோழைத்தனத்தை நினைத்தால் இப்போதும் எரிச்சலாக வருகிறது.

ஏன் இன்னும் கழுத்துக் குழாயிலேயே இருக்கிறார் என்று அண்ணியிடம் தனியாகக் கேட்டேன். டாக்டர் இன்னும் வேறு எதுவும் சொல்லவில்லை என்றார்.

திங்கட்கிழமை தஞ்சாவூரில் என் பேச்சு. மிஞ்சிய இரண்டு குழாய்களில் ஒன்றை உறையிலிருந்து எடுத்துக் காட்டியதும் மாணவர்கள் செல்பேசியோடு எழுந்து நின்றார்கள். நான் வாயுவைப் பற்றியும் பூச்சைப் பற்றியும் முக்கால் மணி நேரம் பேசினேன். கரண்ட் ஒரு தடவை போனது, பேச்சு நிற்கவில்லை. முன்வரிசையில் இருந்த ஒரு சிறுநீரக மருத்துவர் முடிவில் கேட்டார்: "உங்க குழாய் வர்ற வரைக்கும் எங்க நோயாளிக்கு நாங்க என்ன சொல்லணும்?"

பதில் எனக்குத் தெரியும், எல்லாப் புத்தகத்திலும் இருக்கிறது. கையில் ஒரு தமனியையும் ஒரு சிரையையும் சேர்த்துத் தைத்துவிட்டால், சில வாரத்தில் அந்தச் சிரை தடித்து, ஊசி குத்த வாகாகிவிடும். ஃபிஸ்டுலா என்பார்கள். சொந்த நாளம் என்பதால் அதில் அடைப்பு வருவது குறைவு. முடிந்தவருக்கெல்லாம் அதைச் சீக்கிரம் செய்துகொள்ளச் சொல்லுங்கள், நாங்கள் எதைப் போலி செய்யப் பார்க்கிறோமோ அதன் அசல் அதுதான் என்றேன். கை தட்டினார்கள். மேடையிலிருந்து இறங்கும்போது அண்ணனை நினைத்தேன். எட்டு மாதமாகியும் அவர் போகிற மருத்துவமனையில் இதைச் சொல்லாமலா இருப்பார்கள்?

கல்லூரிக்காரர்கள் மத்தியானம் பெரிய விருந்து போட்டார்கள். நான் ரசத்தை மட்டும் குடித்துவிட்டு எழுந்தேன். வீட்டுக்கு வரும்போது அண்ணன் தூங்கிவிட்டிருந்தார். இரண்டு பாதமும் வீங்கி, விரலால் அழுத்தினால் குழி விழுந்தது.

செவ்வாய்க்கிழமை காலை ஐந்தரைக்கெல்லாம் அண்ணனோடு தஞ்சாவூர் மருத்துவமனைக்குப் பஸ் ஏறினேன். டயாலிசிஸ் கூடத்தில் வரிசையாகப் படுக்கைகள். ஒவ்வொரு தலைமாட்டிலும் ஓர் இயந்திரம், அதில் சுற்றிக்கொண்டிருக்கும் ரத்தம். பக்கத்துப் படுக்கையில் ஒரு பள்ளிக்கூட ஆசிரியை விடைத்தாள் திருத்திக்கொண்டிருந்தார். அவருடைய கையில்தான் ஊசிகள் போயிருந்தன. கூடத்தில் பெரும்பாலானவர்களுக்கும் அப்படித்தான். கழுத்தில் குழாயோடு இருந்தவர்கள் அண்ணனோடு சேர்த்து இரண்டே பேர், மற்றவர் முந்தைய வாரம்தான் டயாலிசிஸ் தொடங்கியவராம்.

இருபது நிமிடத்தில் அண்ணனின் இயந்திரம் கூவ ஆரம்பித்தது. குழாயில் ரத்தம் வரவில்லை. சிஸ்டர் ஓடிவந்து ஊசிக்குழலை வைத்து இழுத்துப் பார்த்தார், வால்களை மாற்றி மாட்டினார், மறுபடியும் கூவியது. மூன்றாவது தடவை இழுத்தபோது கருஞ்சிவப்பாக ஒரு நூல் வந்தது. கட்டியான ரத்தம். ஆய்வகத்தில் அதை நூறு தடவை நுண்ணோக்கியில் பார்த்து, எடைபோட்டு, படமெடுத்து வைத்திருக்கிறேன். அண்ணன் கழுத்திலிருந்து அது வந்தபோது முகத்தைத் திருப்பிக்கொண்டேன். அண்ணன் கூரையைப் பார்த்தபடி கிடந்தார். கட்டியைக் கரைக்கும் மருந்தை உள்ளே ஏற்றிவிட்டு, காத்திருக்கச் சொன்னார்கள்.

சிஸ்டர் என்னை வராந்தாவுக்குக் கூப்பிட்டார். நல்ல கண்டிப்பான அம்மாள்.

"நீங்கதான் அந்த வெளிநாட்டுத் தங்கச்சியா? மூணு மாசமா கையைக் காட்டுங்க, காட்டுங்கன்னு தலைபாடா அடிச்சுக்கிறோம். டாக்டர் ரெண்டு தடவ ஆபரேஷனுக்குத் தேதி குடுத்தாச்சு. தங்கச்சி குழாய் கொண்டாருது, அது வரட்டும்னு ரெண்டையும் விட்டுட்டாரு. இந்தக் குழாயும் போச்சுன்னா அடுத்தது எங்க போடுறது? நீங்களே சொல்லுங்க."

வராந்தாச் சுவரில் சாய்ந்துகொண்டு, கொஞ்ச நாள் பொறுங்க என்று நான் சொன்ன மூன்று வார்த்தையை மனதுக்குள் திரும்பத் திரும்பச் சொல்லிப் பார்த்தேன். ஒரு பெருமைப் பேச்சுக்கு மூன்று மாதம் விலை. அதையும் நான் கொடுக்கவில்லை, அண்ணன் கொடுத்திருக்கிறார். மருந்து வேலை செய்து, பாதி வேகத்தில் இயந்திரம் ஓடியது. நான்கு மணி நேரத்துக்குப் பதில் இரண்டரை மணி நேரம்தான் ஓட்ட முடிந்தது.

திரும்பும்போது நீடாமங்கலம் ரயில்வே கேட் மூடியிருந்தது. அந்தக் கேட்டில் மாட்டாதவர் அந்தப் பக்கத்தில் கிடையாது. முன்னால் லாரி, பின்னால் லாரி, சுண்டல் விற்பவர் ஜன்னல் ஜன்னலாக வந்துவிட்டுப் போனார். ஓட்டுநர் இன்ஜினை அணைத்துவிட்டு இறங்கி டீக்கடைக்குப் போனார். பஸ்ஸுக்குள் அப்படி ஓர் அமைதி. இனி ஓட இடமில்லை என்று எனக்குத் தெரிந்தது.

"அண்ணே, அந்தக் குழாய் உங்களுக்கு இல்ல. இன்னும் யாருக்குமே இல்ல. நான் அன்னைக்குச் சும்மா பெருமைக்குச் சொன்னேன். அதனாலதான் நீங்க கையில ஆபரேஷன் பண்ணிக்கலன்னு சிஸ்டர் சொன்னாங்க. தப்பு என் மேலதான்."

சொல்லி முடிப்பதற்குள் அழுதுவிட்டேன். முன்சீட்டுக்காரர் திரும்பிப் பார்த்தார். அண்ணன் ஜன்னலுக்கு வெளியே கேட் கம்பத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"எனக்குத் தெரியும்" என்றார்.

"என்ன தெரியும்?"

"ஆட்டுக்குப் போட்டுப் பாக்குறத நாளைக்கே மனுசனுக்குப் போடமாட்டாங்கன்னு தெரியாதா? நான் என்ன சின்னப் புள்ளயா?" கழுத்துப் பிளாஸ்திரியைத் தடவிக்கொண்டார். "இது இருக்கு பாரு, இத எப்ப வேணாலும் உருவிடலாம். உருவிட்டா நான் பழைய ஆளு. கையில வெட்டிச் சேத்துட்டா அப்புறம் இது எப்பவும்தான். சாவுற வரைக்கும் இதேதான். அதுக்குத்தான் பயந்தேன் பாப்பா. உன் குழாய் வருதுன்னு சொல்லிட்டா யாரும் மேல கேக்கல. ஒங்க அண்ணிகிட்ட தேதி குடுத்ததயே சொல்லல, அவளும் கேக்கல. எனக்கு அது சௌகரியமா இருந்துச்சு."

நெல் மூட்டை ஏற்றிய கூட்ஸ் வண்டி ஊர்ந்து போனது. அது முடிவதற்குள் நான் கண்ணைத் துடைத்துக்கொண்டேன். வீட்டுக்குப் போனதும் அண்ணன் அண்ணியை உட்காரவைத்து எல்லாவற்றையும் தானே சொன்னார். அண்ணி எழுந்து போய், வெகுநேரம் சமையலறையில் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தார்.

எனக்கு அன்றைக்குத் தூக்கம் வரவில்லை. அண்ணன் சொன்னது நிஜமா, நான் அழுததைப் பொறுக்காமல் என்னைக் காப்பாற்றச் சொன்னதா என்று தெரியவில்லை. எனக்காகப் பழியைத் தன் மேல் போட்டுக்கொள்ளக் கூடிய மனிதர்தான் அவர்.

புதன்கிழமை அறுவைச் சிகிச்சை மருத்துவரிடம் போனோம். இளம்பெண், பேச்சில் அவசரமில்லை. அண்ணனை மட்டும் உள்ளே அழைத்தார். நான் வெளியே உட்காருவதாகச் சொல்லிவிட்டு வந்தேன். வராந்தாவில் நாற்காலி இல்லை, திரைக்கு இந்தப் பக்கமே நின்றுகொண்டேன். அண்ணனுக்கு அது தெரியாது.

எந்தக் கையில் வேலை செய்வீங்க என்று மருத்துவர் கேட்டது காதில் விழுந்தது. வேலை செய்யாத கையில்தான் போடுவோம் என்றார்.

"ரெண்டு கையிலயும்தாம்மா. டில்லர் ஓட்டுற ஆளு."

கொஞ்ச நேரம் ஸ்கேன் இயந்திரத்தின் சத்தம் மட்டும். பிறகு மருத்துவர், இடது மணிக்கட்டில் நாளம் போதவில்லை, ஊசி குத்திக் குத்திக் கெட்டுப்போயிருக்கிறது, முழங்கைக்குப் பக்கத்தில்தான் போட வேண்டும், மூன்று மாதத்துக்கு முன்னால் வந்திருந்தால் மணிக்கட்டிலேயே கிடைத்திருக்கும் என்றார். திட்டுகிற தொனி இல்லை, தகவலாகத்தான் சொன்னார். ஏன் இத்தனை நாள் வரவில்லை என்று கேட்டார். என் பெயரும் குழாயும் வரும் என்று நான் பல்லைக் கடித்துக்கொண்டு நின்றேன்.

"பயந்துட்டேம்மா" என்றார் அண்ணன். வேறு ஒரு வார்த்தை இல்லை.

எனக்கு ஒரு கணம் அவ்வளவு நிம்மதியாக இருந்தது. தப்பித்துவிட்டோம் என்கிற நிம்மதி. அடுத்த கணமே அந்த நிம்மதியை நினைத்துக் கூசிப்போனேன். பயந்தவர் ஒளிந்துகொள்ள இடம் தேடியிருக்கிறார், அந்த இடத்தைக் கட்டிக் கொடுத்தவள் நான். அவர் சொன்னது முழு நிஜம் என்பதால் என் பங்கு குறைந்துவிடவில்லை.

திரையை விலக்கிக்கொண்டு அண்ணன் வெளியே வந்தார். இடது முழங்கையின் உள்பக்கத்தில் ஊதா மையால் கோடு போட்டிருந்தார்கள். என்னை அங்கே பார்த்ததும் ஒரு விநாடி நின்றார். கேட்டுவிட்டேன் என்று அவருக்குத் தெரிந்துவிட்டது. வெள்ளிக்கிழமை ஆபரேஷன், இந்தக் கையில் இனிமேல் ரத்தம் எடுக்கக் கூடாதாம், பிரஷர் பார்க்கக் கூடாதாம் என்று ஒவ்வொன்றாகச் சொன்னார். தோளில் மாட்டியிருந்த மருந்துப் பையைக் கழற்றி இடது கையில் பிடித்தவர், நினைவு வந்தவர் போல நிறுத்தினார்.

"இந்தக் கையில கனமும் தூக்கக் கூடாதாம்" என்று பையை என்னிடம் நீட்டினார்.

எனக்கு நினைவு தெரிந்து அண்ணன் என்னிடம் எதையும் தூக்கக் கொடுத்ததில்லை. வாங்கிக்கொண்டேன்.